இதர இனம்

டோக்கன், ரசீது.
பில் கவுண்டரில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு
வேறு பெயர் தோன்றவில்லை.

செருப்புப் பெட்டியில் வந்தார்கள்.
பராசாத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த பையன்,
குல்லாய்க்குள் முடியில்லாத தலை,
கண்ணாடித் துளை வழியே "இந்துர்" என்றான்.
அவன் அம்மா காற்றில் ஒரு வால் வரைந்து காட்டினாள்.
லாட்ஜில் கூடாது என்றார்களாம்.
திரும்பி வருகிற வரைக்கும் என்பதை
மூன்று பாஷையில் துண்டு துண்டாகச் சொன்னான்.
பணம், நாளை, எவ்வளவு
இந்த மூன்றுக்கும் எனக்கு வங்காளம் தெரியும்.
நான்காவதாக, எலி.

வீட்டுக்காரர் கமாலுதீன் பாய்க்கு
மண்டித் தெருவில் அரிசிக் கடை.
மூட்டைக்கு மூட்டை பசை அட்டை வைப்பவர்.
மாடியேறி வந்து
கூண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
"எங்கடையில சும்மாவே கிடைக்குமேம்மா."
அடுத்த மாதம் வாடகை நானூறு ஏறியது.
எலிக்காக என்று அவர் சொல்லவில்லை.

மரத்தூள் ஆகாது, மூச்சு இளைக்கும்.
பழைய பருத்திப் புடவையைக் கிழித்துப் போட வேண்டும்.
ஒன்றை மட்டும் தனியாக வைக்கக் கூடாது.
மூக்கோரம் சிவப்பாய்க் கசிவது ரத்தமில்லை,
களைத்தாலும் பயந்தாலும் அப்படித்தான்
(முதல் தடவை அதைப் பார்த்து நான் லீவு போட்டேன்).
சந்தோஷம் வந்தால் பல்லை நறநறவென்று அரைக்கும்,
கண் இரண்டும் பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போகும்.
பல்லைக் கடிப்பது கோபத்துக்கு மட்டும் என்றுதான்
முப்பத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன்.

அக்னி நட்சத்திரத்தில்
சத்துவாச்சாரி மலைப்பாறை
ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும்.
எலிக்கு நம்மைப் போல வியர்க்காது,
உடம்புச் சூட்டை வால் வழியாகத்தான் இறக்கும்.
பாட்டில் தண்ணீரை உறையவைத்து
துண்டில் சுற்றி நடுவில் வைத்தால்
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பார்கள்.
கரண்ட் போன ஒரு ராத்திரி
மீன் கடை ஐஸைச் செய்தித்தாளில் பொதிந்து
பாய் படியேறி வந்தார்.
"செத்தா வீடு நாறும்" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.

பிறகு டோக்கனின் கக்கத்தில் ஒரு கட்டி.
கால்நடை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
மாடு, எருமை, ஆடு, நாய், கோழி.
எத்திராஜுலுவின் பேனா கட்டம் கட்டமாக அலைந்தது.
"இன்னாம்மா கொண்டாந்துகீற?"
பெட்டிக்குள் எட்டிப் பார்த்து
"இதர" என்று எழுதினார்.
"பேரு?"
"டோக்கன்."
"டோக்கன் குட்த்தாச்சு, பேரு?"
சிரித்துவிட்டேன். பின்னால் ஆட்டோடு நின்றவரும் சிரித்தார்.
டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல்
ஒற்றை விரலால் கட்டியைத் தொட்டு
அறுக்கலாம், தாங்காது, என்றார்.
வெளியே வரும்போது ரசீது கேட்டேன். பழக்கதோஷம்.
காசே வாங்கலியே, என்றார்கள்.

மூன்று வாரம்
முள்ளுக் கத்திரிக்காயை வேகவைத்து மசித்து
விரல் நுனியில் வைத்து ஊட்டினேன்.
கடைசி நாளின் கிழமை நினைவில்லை.
மதிய ஷிஃப்ட்.

பையன் வரவில்லை.
செருப்புப் பெட்டி மூடியில்
அவன் அம்மா பென்சிலால் எழுதிய நோயாளி எண் இருக்கிறது.
கவுண்டரில் அதைத் தட்டினால்
கடைசி பில்லின் தேதி வரும்,
எந்தக் கணக்கில் முடித்தார்கள் என்பதும் வரும்.
இரண்டு வருடமாக
எதிரில் நிற்கிற எல்லோருடைய எண்ணையும் தட்டுகிறேன்.

ரசீது இப்போதும்
பாட்டிலின் தன் பக்கத்தில்தான் படுக்கிறாள்.
துண்டின் அந்தப் பக்கம் கசங்குவதே இல்லை.

"ஒண்ணை மட்டும் வெச்சிக்கக் கூடாதுன்னியே"
படியில் நின்றபடி பாய் கேட்கிறார்.
"குட்டி ஒண்ணு அட்டையில ஒட்டாம தப்பிச்சிருக்கு.
புடிச்சாரவா?"
அது வேற ஜாதி எலி பாய், சேராது, என்றேன்.
சரி என்றவர் இறங்கவில்லை.
தவிடு படிந்த விரலொன்றைக்
கம்பிக்குள் நீட்டினார்.
ரசீது வந்து
வெகுநேரம் முகர்ந்தாள்.